நான்கு பேர் எழுதிய கட்டுரை எத்தனை கட்டுரை?

ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில், யார் யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் என்று காட்டும் என் மூன்றாவது அட்டவணை திரையில் விழுந்ததும், குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் பேனாவை எடுத்து எதையோ கூட்டத் தொடங்கினார். அவர் புள்ளியியல்காரர். என் துறை நூலகத் தகவல் அறிவியல். கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மொத்தம் எத்தனை கட்டுரைகளை எடுத்துக்கொண்டீர்கள், அம்மா?" சொன்னேன். "ஆனால் ஒவ்வோர் ஆசிரியரும் எழுதியதாக நீங்கள் போட்டிருப்பதைக் கூட்டினால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வருகிறதே. மீதிக் கட்டுரைகளை யார் எழுதினார்கள்?"

அறையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து தயாரித்த அட்டவணை அது. ஆனால் அவர் கேட்டதில் தவறே இல்லை. ஒரு கட்டுரையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழுக் கட்டுரை என்று வரவு வைத்திருந்தேன். அதற்கு முழு எண்ணிக்கை முறை என்று பெயர். உலகெங்கும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். முறை தவறல்ல. நான் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் தவறு. ஆசிரியர் எண்ணிக்கை தரவில் தானாகக் கிடப்பது என்று நினைத்திருந்தேன்.

ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர்களை எண்ணும் இந்தத் தலைப்பில் முனைவர் பட்டமோ முதுகலை ஆய்வேடோ செய்யப் போகிறவர்கள், தரவுத்தளத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஒரே ஒரு கட்டுரை போதும். முழு எண்ணிக்கையில் ஆளுக்கு ஒன்று, கூட்டினால் நான்கு. பின்ன முறையில் ஆளுக்குக் கால், கூட்டினால் ஒன்று. முதல் ஆசிரியரை மட்டும் எண்ணினால் அவருக்கு ஒன்று, மற்ற மூவருக்கும் பூஜ்யம். இசைத்தொடர் முறை ஒன்று உண்டு. வரிசையில் முதலில் இருப்பவருக்கு ஒரு பங்கு, அடுத்தவருக்கு அரை, அதற்கடுத்தவருக்கு மூன்றில் ஒன்று, கடைசி ஆளுக்குக் கால் என்று வைத்து, எல்லாவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அதன்படி 0.48, 0.24, 0.16, 0.12 என்று வரும். மூன்றாவது ஆள் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையைப் பொறுத்து உங்கள் உழைப்பு 1 ஆகவோ 0.25 ஆகவோ 0.16 ஆகவோ ஒன்றுமே இல்லாமலோ போகும். நீங்கள் செய்த வேலை அதேதான்.

அன்று இரவு பாடநூலைத் திரும்பப் புரட்டியபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எங்கள் துறையில் முதல் பருவத்திலேயே லோட்கா விதியைப் படித்துவிடுவோம். ஒரு கட்டுரை மட்டும் எழுதியவர்கள் நூறு பேர் என்றால், இரண்டு எழுதியவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர், மூன்று எழுதியவர்கள் பதினொரு பேர் என்று இருபடியில் சரிந்துகொண்டே போகும் விதி. தேர்வில் பத்து மதிப்பெண் வினாவாக எழுதியிருக்கிறேன். ஆல்ஃபிரட் லோட்கா 1926-இல் அதை வெளியிட்டபோது, கூட்டாக எழுதிய கட்டுரைகளை மூத்த ஆசிரியர் ஒருவரின் கணக்கில் மட்டுமே சேர்த்தார். அந்தப் புகழ்பெற்ற விதியே ஓர் எண்ணும் முறையின் மேல்தான் நிற்கிறது. அந்த ஒற்றை வரியை எத்தனை முறை படித்துக் கடந்திருக்கிறேன்! எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று தேட உதவும் பட்டியலாக யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அடைவும் அப்படித்தான்: மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அதில் முதல் ஆசிரியர் பெயரின் கீழ்தான் நின்றன. இரண்டாம் ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்தவர்களை அதில் பெயர் சொல்லித் தேட முடியாது. பழைய ஆய்வுகளின் எண்களை உங்கள் எண்களோடு ஒப்பிடும்போது, அவர்கள் எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்.

முதல் பெயருக்குத்தான் அதிக மதிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எடைபோடவும் கூடாது. ஆய்வகத் துறைகள் பலவற்றில் வேலையைச் செய்தவர் முதலிலும், ஆய்வுக்கூடத்தின் தலைவர் கடைசியிலும் இருப்பார்கள். அங்கே கடைசிப் பெயர் கௌரவமானது. கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசை வழக்கம் வலுவானது. அங்கே முதல் பெயர் என்பதற்கு நெடுங்கணக்கில் முன்னால் வரும் எழுத்து என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அப்படியும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில், குடும்பப் பெயரின் முதலெழுத்து முன்னால் வருபவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை லிரான் ஐனாவ், லீயட் யாரிவ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2006-இல் காட்டினார்கள். அகரவரிசை வழக்கம் இல்லாத உளவியலில் அந்தச் சாய்வு தென்படவில்லை. (அந்தக் கட்டுரையில் அவர்கள் பெயர்களும் அகரவரிசையில்தான் இருக்கின்றன.)

உங்கள் தரவில் அகரவரிசை வழக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. இரண்டு பெயர்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் பாதி முறை அகரவரிசையில்தான் விழும். எனவே இருவர் கட்டுரைகளை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. மூன்று பேர் என்றால் ஆறில் ஒரு முறை. நான்கு பேர் என்றால் இருபத்து நான்கில் ஒரு முறைதான். நான்கு ஆசிரியர் கட்டுரைகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். அவற்றில் பாதி அகரவரிசையில் இருந்தால் அது தற்செயல் இல்லை. அந்தத் துறைக்கு இசைத்தொடர் எடையைப் போடாதீர்கள். இந்தச் சோதனையைப் பின்னிணைப்பில் வைத்தேன். அந்தப் புள்ளியியல்காரர் என் ஆய்வேட்டில் பாராட்டிய ஒரே பக்கம் அதுதான்.

பெயர்களைச் சுத்தம் செய்யும் வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிக்க மாட்டார்கள். ஒரே ஆள் மூன்று விதமாக எழுதிய பெயர் மூன்று ஆள்களாக நிற்கும். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட ஐந்து பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதுகிறவர்களைத் தரவுத்தளங்கள் பாடாய்ப் படுத்தும். குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று அவை கேட்க, ஒருமுறை தந்தை பெயரும் ஒருமுறை சொந்தப் பெயரும் அந்த இடத்தில் போய் உட்காரும். 2012-இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகத்தான். ஆனால் அதைப் பெறாதவர்களும், பெற்றுவிட்டு நிரப்பாமல் விட்டவர்களும் நிறைய. என் ஆய்வுக்காலத்தில் பாதியைப் பெயர்களே தின்றன என்று சொன்னால் என் நெறியாளர் மறுக்க மாட்டார். கால அட்டவணையில் இதற்குத் தனியே இடம் ஒதுக்குங்கள்.

இவ்வளவும் எண்ணுவது பற்றி. யார் ஆசிரியர் என்பது அடுத்த கேள்வி, எனக்கு அதிகம் பிடித்த கேள்வியும் அதுதான். தேர்வுக்குப் படிக்கும்போது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள்: ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது கூர்ந்து திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பு. நான்காவது 2013-இல் சேர்க்கப்பட்டது. நான்கும் பொருந்தினால்தான் ஆசிரியர். இல்லையென்றால் நன்றியுரையில் பெயர். இதுவரை எல்லோரும் எழுதிவிடுவார்கள். அதையடுத்து வரும் வரியைத்தான் விட்டுவிடுவார்கள். முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவருக்கு மற்றவற்றில் பங்கேற்கும் வாய்ப்பைத் தர வேண்டும். வரைவைக் காட்டாமலே இருந்துவிட்டு 'நீங்கள் திருத்தவில்லையே' என்று ஒருவரைக் கழித்துக்கட்ட இந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்த வரி.

அந்த வரியின் கனம் எனக்கு ஒரு நேர்காணலில்தான் உறைத்தது. ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகளாகக் கருவிகளைக் கையாளும் ஒருவரைச் சந்தித்தேன். ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, இதில் உங்கள் வேலை எது என்று கேட்டேன். அவர் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே மூன்றாவது படத்துக்குப் போனார். வளைகோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. "முதல் தடவை இந்த மேடு வந்தபோது கருவியின் கோளாறு என்றார்கள். நான் இரண்டு வாரம் மாதிரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கோளாறு இல்லை என்று காட்டினேன். அந்த மேடுதான் கட்டுரையே." நன்றியுரையில் அவர் பெயரைத் தேடினோம். 'தொழில்நுட்ப உதவி' என்று இருந்தது. பெயர் இல்லை. வரைவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எனக்கு எதற்கு அனுப்பப் போகிறார்கள் என்று அவர் இயல்பாகச் சொன்னார். என் அட்டவணைகள் எதிலும் இவரைப் போன்றவர்களுக்கு இடமில்லை. தலைப்பின் கீழ் அச்சான பெயர்களைத்தானே அவை எண்ணுகின்றன?

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கிரெடிட் என்ற பங்களிப்பு வகைப்பாடு. கருத்துருவாக்கம், மென்பொருள், சரிபார்ப்பு, முதல் வரைவு என்று 14 பங்குகள் அதில் உண்டு. அதைப் பிரமாதமான தீர்வு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. நிதி திரட்டியது அதில் ஒரு பங்கு. இதழாசிரியர் குழுவோ, நிதி திரட்டியது மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்கிறது. இரண்டும் முரண் போலத் தெரிந்தாலும் முரண் இல்லை: கிரெடிட் யார் என்ன செய்தார் என்று சொல்லும், யார் ஆசிரியர் என்று தீர்ப்புச் சொல்லாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். நடைமுறையில் அந்தப் படிவத்தைப் பெரும்பாலும் ஒருவரே உட்கார்ந்து நிரப்புகிறார் என்பது வேறு கதை.

எச் குறியீட்டைப் பற்றிக் கேட்காத தேர்வாளர் இல்லை. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல, ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது. ஒருவரின் எச் குறியீடு பத்து என்றால், அவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள்களாவது பெற்றிருக்க வேண்டும். இணையாசிரியர்கள் எத்தனை பேர் என்பது அதன் கண்ணுக்கே தெரியாது. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயர்களுக்கே போயிற்று. எச் குறியீட்டுக்கு அதுவும் ஒரு கட்டுரை. தனியாளாகப் பத்தாண்டு உழைத்து எழுதியதும் ஒரு கட்டுரை.

என் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நான் எதிர்பார்த்த எதையும் கேட்கவில்லை. "உங்கள் தரவில் ஒரு பூனை இருந்தால் கண்டுபிடித்திருப்பீர்களா?" என்றார். நல்லவேளை, அந்தக் கதை எனக்குத் தெரியும். 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று நண்பர் சொல்ல, தட்டச்சு செய்த தாள்களை முழுக்கத் திரும்ப அடிப்பதற்குச் சோம்பி, தன் பூனையை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். கதையைச் சொல்லிவிட்டு, "கண்டுபிடித்திருக்க மாட்டேன் ஐயா. பின்ன முறையில் அதற்கு அரைக் கட்டுரை கொடுத்திருப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியில் பிடித்தார்: "அப்படியானால் நீங்கள் அளப்பது ஆசிரியரையா, பெயரையா?" பெயரைத்தான், என் ஆய்வின் எல்லைகள் பகுதியில் முதல் பத்தியே அதுதான் என்று பக்க எண்ணைச் சொன்னேன். அந்தப் பத்தியை ஒருமுறை எழுதி மறந்துவிடாமல், பக்க எண்ணோடு நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு, ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். பங்களிப்புப் படிவம் வந்தது. என் பெயர், நெறியாளர் பெயர் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டே போனவள், 'மென்பொருள்' என்ற கட்டத்தில் நின்றேன். பெயர்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் நிரலை எழுதியவள், எனக்கு இரண்டு ஆண்டு பிந்திச் சேர்ந்த ஆய்வு மாணவி. எந்தெந்தப் பெயர்களை ஒன்றாக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது என்ற விதிகளிலும் பாதி அவள் யோசித்தவை. என் வரைவின் நன்றியுரையைத் திறந்து பார்த்தேன். 'தொழில்நுட்ப உதவி' என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

நெறியாளரிடம் பேசிவிட்டு அவளுக்கு வரைவை அனுப்பினேன். மூன்றாம் நாள் திருத்தங்களோடு திரும்பி வந்தது. முதல் திருத்தம் முதல் பக்கத்திலேயே இருந்தது: "அக்கா, உங்கள் பெயரை ஆர்கிட்டில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் நிரல் உங்களை இரண்டு பேராக எண்ணும்."