தூரத்து நடுக்கமும் கல்லாங் களிமண்ணும்

சிங்கப்பூரைப் பொறுத்தவரை நிலநடுக்க ஆட்டம் வருவது சுமத்ராவிலிருந்து. அந்தத் தீவின் நெடுகே ஓடும் பிளவு இங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர். கடலடித் தட்டு அமிழும் இடம் அதற்கும் மேற்கே. ‘அவ்வளவு தூரத்தில் நடந்தால் நமக்கென்ன’ என்பவர்கள் 1985 செப்டம்பர் 19ஆம் தேதியைப் பார்க்கலாம். மெக்சிகோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி 8.0 அளவில் நிலம் நடுங்கியது. நகரத்தின் பழைய ஏரிப்படுகை மீது நின்ற கட்டடங்கள்தான் பெரும்பாலும் விழுந்தன. அதிலும் 6 முதல் 15 மாடி வரையிலானவைதான் அதிகம் அடிபட்டன. குட்டைக் கட்டடங்கள் பல தப்பின.

காரணம் தாளம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம். வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு நொடி எடுக்கும் மெதுவான அலைகள் நெடுந்தூரம் வந்து சேரும். அவற்றைக் களிமண் பெரிதாக்கும். களிமண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அதில் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை) ஓடும் வேகத்தால் வகுத்தால் மண்ணின் சொந்தத் தாளம் கிடைக்கும். 30 மீட்டர் ஆழம், நொடிக்கு 100 மீட்டர் வேகம் என்றால் 1.2 நொடி. கட்டடத்துக்குத் தோராயமாக மாடிக்கு 0.1 நொடி, ஆக 12 மாடிக்கும் அதே 1.2. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான். ஆற்றலை உறிஞ்சும் திறன் 5 சதவீதம் உள்ள கட்டடம், ஒரே தாளத்தில் தொடர்ந்து தள்ளினால் 10 மடங்கு வரை ஆடும். அந்த உச்சத்துக்கு ஏறப் பல சுற்று ஆட வேண்டும். தூரத்து நிலநடுக்கம் நீண்ட நேரம் ஆட்டுவதால் அதற்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இந்த மென்மண் கல்லாங், மரினா பே பக்கம் நிறைய உண்டு. புக்கிட் தீமாவின் கருங்கல் மேல் இந்தக் கவலை குறைவு. 2013இல் கட்டட, கட்டுமான ஆணையம் வெளியிட்ட வழிகாட்டியும் இப்படித்தான் பிரிக்கிறது: சாதாரணக் கட்டடம் 20 மீட்டருக்கு மேல் உயரமாகவும் மென்மண்ணிலும் இருந்தால் நிலநடுக்கக் கணக்கு போட வேண்டும். அதே உயரத்தைத் தாண்டிய மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு, மண் ஓரளவு இறுகியிருந்தாலும் விலக்கு இல்லை. அதற்கு முன்பு பிரிட்டிஷ் விதிப்படி, எடையில் 1.5 சதவீதம் பக்கவாட்டில் தள்ளுவதாக வைத்துக் கணக்கிட்டார்கள். 10,000 டன் கட்டடத்துக்கு 150 டன். மண் எது, உயரம் எது என்று அந்த எண் கேட்பதே இல்லை.

‘அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்துவிடலாமே’ என்பது அடிக்கடி வரும் யோசனை. பிளவுக்கு அருகே, கெட்டி மண்ணில் அது அருமையான வழி. ஆனால் தாங்கிகள் செய்வது கட்டடத்தின் தாளத்தை இரண்டு மூன்று நொடிக்கு நீட்டுவதுதான். தூரத்து அலைகளின் பலமே அந்தப் பக்கம் இருக்கும்போது, மென்மண்ணில் தாங்கி வைப்பது ஆட்டத்தைத் தேடிப்போவதாக முடியலாம். என் தேர்வு, லிஃப்ட் கூண்டைச் சுற்றிய கான்கிரீட் சுவர்களை அஸ்திவாரம் வரை அறுபடாமல் இறக்குவது. மேல்மாடிகளில் சுவர் நிறைந்து, கீழ்த்தளம் மட்டும் வெறும் தூண்களில் நின்றால் அசைவு முழுவதும் அந்த ஒரு மாடியில் குவியும்.

தூணில் முதலில் கவனிக்க வேண்டியது, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி. முனையை 90 டிகிரியில் மடக்கினால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும். உள்ளே நிற்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும். 135 டிகிரி மடக்கி, வாலை ரிங்கின் விட்டத்தைப்போல் 10 மடங்கு உள்ளே விட வேண்டும்: 10 மில்லிமீட்டர் ரிங்குக்கு 100. நிலநடுக்கத்துக்கான ஐரோப்பிய விதி யூரோகோட் 8. கட்டடம் உடையாமல் வளைந்து கொடுக்கும் திறனை அது வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதன் நடுத்தர வகுப்பில், தூணின் மேல் கீழ் முனைகளில் ரிங் இடைவெளி நெடுக்குக் கம்பி விட்டத்தின் 8 மடங்கு, ரிங்குக்குள் அடங்கிய அகலத்தில் பாதி, 175 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் சிறியது. 20 மில்லிமீட்டர் கம்பி, 300 அகலம் என்றால் 150. இங்கே குறைந்த வகுப்பிலேயே கணக்கிடுவது வழக்கம். ஆனாலும் கொக்கியைச் சரியாக மடக்கப் பெரிய செலவு ஆகாது. தூணும் பீமும் சேரும் முடிச்சுக்குள் ரிங் போடாமல் விடுவதுதான் வேலையிடத்தில் நடக்கும் மோசமான சோம்பல்.

அடுத்தடுத்த கட்டடங்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். ஒன்று 80, மற்றது 60 மில்லிமீட்டர் அசையும் என்றால், இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 100. இரண்டின் தளங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் 70 போதும். மட்டம் மாறினால் ஒன்றின் தளம் மற்றதன் தூணின் நடுவில் இடிக்கும், அதனால் சலுகை இல்லை. வரைபடத்தில் இந்த இடைவெளி இருக்கும். வேலையிடத்தில் பலகைத் துண்டும் வழிந்த கான்கிரீட்டும் அடைத்துக் கிடக்கும். பூச்சு வேலைக்கு முன் டார்ச் அடித்து மேலிருந்து கீழ் வரை பார்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டும், மூடிய பிறகு அதை எடுக்க வழியில்லை.