அம்மாவின் போன்

"டிஸ்ப்ளே போயிடுச்சு போல, பாரேன்" என்று அம்மா போனை நீட்டினார். திரை விட்டுவிட்டு மின்னியது.

சார்ஜரைக் கழற்றிப் பார்த்தேன். தானியங்கி வெளிச்சத்தை அணைத்தேன். ஊஹூம்.

அப்புறம் சேஃப் மோட். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்திருந்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் வரும். நாம் இறக்கிய செயலிகள் அதில் ஓடாது.

மின்னுவது நின்றுவிட்டது!

கண்ணுக்கு நல்லதென்று விளம்பரம் பார்த்து அம்மா இறக்கிய செயலிதான் காரணம். திரைமேல் மஞ்சள் படலம் போர்த்துவது அதன் வேலை. நீக்கியதும் சரியானது.

சேஃப் மோடிலும் மின்னினால் கடைக்குப் போகலாம். அதற்கு முன்பே டிஸ்ப்ளே மாற்றக் காசு கொடுக்காதீர்கள்.

பேரன் முகம் பார்க்க அம்மாவுக்கு இருப்பது அந்தத் திரை ஒன்றுதான். இத்தனை நாள் மின்னியும் என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.