இரண்டரை ஏக்கர் காட்டுக்கு லேஅவுட் வரைந்த அனுபவம்

லேஅவுட் போடுவது என்றால் யாராவது ஒருவர் ஆட்டோகேடில் ரோட்டையும் மனையையும் கோடு போட்டுக் கொடுப்பார், அதைக் கொண்டுபோய் டி.டி.சி.பி.யில் (நகர் ஊரமைப்பு இயக்ககத்தில்) கொடுத்தால் அப்ரூவல் வந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல்லடம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் புஞ்சைக் காடு, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில். பெரியப்பா காலண்டருக்குப் பின்னாலேயே கணக்குப் போட்டுவிட்டார்: ஏக்கருக்கு 43,560 சதுர அடி, ஒரு மனை 1,200 சதுர அடி, ஆக 90 மனை. விலை நிலவரம்கூட விசாரித்து வைத்திருந்தார். கடைசியில் வரைபடத்தில் நின்றது 56. இடையில் என்ன நடந்தது என்பதை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

நாங்கள் பிடித்த சர்வேயர் அண்ணன் முதலில் படமே போடவில்லை. மூலப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு (ஊரின் நில விவரப் பதிவேடு), எஃப்.எம்.பி. (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் எழுதிய புலப்படம்), வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வாங்கி மேஜையில் பரப்பிக்கொண்டு பரப்பளவை மட்டும் தனித்தாளில் எழுதினார். பத்திரத்தில் 2 ஏக்கர் 56 சென்ட், அதாவது சுமார் 10,360 சதுர மீட்டர். பட்டாவில் 1.02.50 ஹெக்டேர், 10,250 சதுர மீட்டர். "இப்ப எடத்துல எவ்வளவு இருக்குதுன்னு பார்க்கலாம். மூணுல எது கம்மியோ அதை வெச்சுத்தான் படம்" என்றார்.

எஃப்.எம்.பி.யை ஆன்லைனில் எடுத்து பிரிண்ட் போட்டு, அதன் மேல் ஸ்கேலை வைத்து அளக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தாளுக்கு ஏற்ற மாதிரி பிரிண்டர் சுருக்கியிருக்கும். அதில் எழுதியிருக்கிற எண்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வேயர் அண்ணன் செய்தது இதுதான்: நிலத்தில் இன்னும் அசையாமல் நிற்கிற சர்வே கற்கள் இரண்டைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் எஃப்.எம்.பி.யில் சொன்னபடி இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்தார். அது ஒத்துவந்த பிறகுதான் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை நிறுத்தி மற்ற மூலைகளைப் பிடித்தார். அப்படிப் பிடித்ததில் வடக்குப் பக்கம் உதைத்தது. கிளுவை வேலி எங்கள் பக்கம் இரண்டு மீட்டர் உள்ளே வந்திருந்தது. நீளம் 110 மீட்டர், அப்படியானால் 220 சதுர மீட்டர், அஞ்சு சென்ட்டுக்கு மேல்.

பக்கத்துக் காட்டுப் பெரியவர் சண்டைக்காரர் இல்லை. "ஏனுங்க தம்பி, இந்த வேலி எங்கப்பன் காலத்துல வெச்சதுங்க, நான் ஒரு முழம் நகத்தலைங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும், கிளுவை வருஷா வருஷம் தானாகப் படர்கிற செடி. எஃப்-லைன் அளவீட்டுக்கு (புல எல்லையை அரசு அளந்து காட்டுவதற்கு) விண்ணப்பித்து, அரசு நில அளவர் வந்து, அவர் காட்டிய இடத்தில் மண்வெட்டி போட்டால் வேர்களுக்கு நடுவில் ஒரு முழம் ஆழத்தில் கல் கிடந்தது, தலைப்பக்கம் உடைந்து. பெரியவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் இப்படி ஒரு பக்கத்துக் காட்டுக்காரர் வாய்க்க மாட்டார். எல்லைப் பிரச்சினை இருந்தால் படம் வரைவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள், மனை போட்ட பிறகு ஒரு வரிசையே நகரும்.

தெற்கே இட்டேரி. அதை எங்கள் வீட்டில் பாதி எங்களுடையது மாதிரியே பேசுவார்கள், ஆனால் அ-பதிவேட்டில் அது அரசு வண்டிப்பாதை. அதை முழுசாக விட்டுவிட்டு வடக்கு எல்லையையும் சேர்த்துப் பார்த்ததில் இடத்தில் நின்றது 10,180 சதுர மீட்டர். மூன்றில் குறைவு இதுதான், அதனால் இதுவே கணக்கு.

இங்கேதான் மாமா ஒருவர் யோசனை சொன்னார். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பூங்காவுக்குப் பத்து சதவீதம் கட்டாயம் நிலமாகவே விட வேண்டும், நலிந்த பிரிவினருக்கான மனைகளும் ஒதுக்க வேண்டும், பேசாமல் ஒரு மூலையை விட்டுவிட்டு 9,900க்குப் படம் போடலாமே என்று. கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. 3,000க்கும் 10,000க்கும் நடுவில் இருந்தால் பணமாகக் கட்டலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் நிலமாக விட வழியில்லாத இடத்துக்குத்தான் அது. காலியாகக் கிடக்கிற சதுரமான காட்டை வைத்துக்கொண்டு வழியில்லை என்று எப்படிச் சொல்வது? விட்ட மூலையும் எங்கள் பட்டாவிலேயே தெரியும். சர்வேயர் அண்ணன் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார், எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அப்புறம் படம். கிழக்கே பஞ்சாயத்து தார் ரோடு. அங்கிருந்து உள்ளே 9 மீட்டர் ரோடு ஒன்று (30 அடி ரோடு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்), அதிலிருந்து 7.2 மீட்டர் குறுக்கு ரோடுகள். அந்த 9 மீட்டர் ரோடு மேற்கே நேராகப் போய் முட்டி நிற்கிற மாதிரி முதல் படத்தில் இருந்தது, அதை எல்லை வரைக்கும் நீட்டினோம். நாளைக்குப் பக்கத்துக் காட்டிலும் மனை போட்டால் ரோடு தொடர வேண்டும் என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் அதுதான் நல்லது. ரோட்டுக்கே சுமார் 2,600 சதுர மீட்டர் போனது. மீதி 7,580. அதில் பத்து சதவீதம் பூங்கா, 758. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தலா அரை சதவீதம், இரண்டும் சேர்த்து 76. விற்க மிஞ்சியது 6,746 சதுர மீட்டர், ஏறக்குறைய 72,600 சதுர அடி. மொத்தத்தில் நூற்றுக்கு 66. பெரியப்பா அன்றைக்குச் சாயங்காலம் யாரிடமும் பேசவில்லை.

விதியைவிடப் பெரிய தலைவலி வாஸ்து. குறுக்கு ரோடு வந்து மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்கு எதிரில் இருக்கிற மனை தெருக்குத்து, அதை யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். தெற்குப் பார்த்த மனையும் சீக்கிரம் நகராது. அதனால் ரோடுகளை முடிந்தவரை வடக்கு தெற்காகத் திருப்பிப் பார்த்தோம், கிழக்குப் பார்த்த மனைகள் கூடின, ஆனால் ரோட்டின் பரப்பும் கூடியது. கடைசியில் தெருக்குத்து விழுகிற இடத்திலேயே பூங்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார் சர்வேயர் அண்ணன். எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிற விதிக்கும் அந்த இடம் பொருந்தியது. முனை மனைகளில் வண்டி திரும்புவதற்கு சாய்வாக வெட்டிவிட்டதில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைந்தது. அதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள், முனை மனைக்கு எப்படியும் விலை அதிகம்.

படத்தில் எங்கள் காடு மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கிற வீடு, கிணறு, மின்கம்பம், ஓடை, தார் ரோட்டின் அகலம் எல்லாம் டோப்போ ஸ்கெட்ச்சில் (சுற்றுப்புற வரைபடத்தில்) வர வேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரி கையில் படத்தை வைத்துக்கொண்டு முதலில் தேடியது மனைகளை இல்லை, எங்கள் எல்லையோரம் நின்ற மின்கம்பத்தைத்தான். அது படத்தில் இருந்தது, கேள்வி அதோடு முடிந்தது.

ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, கேட்ட விளக்கங்களைக் கொடுத்து, தொழில்நுட்ப அனுமதி வந்ததும் ரோட்டையும் பூங்காவையும் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம், அதன் பிறகுதான் இறுதி ஒப்புதல். எட்டு மனைக்கு மேல் என்பதால் அடுத்து ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு. அந்த எண் கைக்கு வரும் முன்பே சொந்தக்காரர்கள் மூலை மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்தார்கள். வாங்கவில்லை, ரெரா எண் இல்லாமல் விளம்பரமும் செய்யக்கூடாது, அட்வான்ஸும் வாங்கக்கூடாது.