ஆக்சிஜன் 98, ஆனாலும் மூச்சு முட்டியது

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் ஆட்கள் ஊர் போக வழியில்லாமல் அறைகளிலேயே மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விடும்வரை அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து, பாஸ் என்று அலைந்ததில் எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

உடம்பு படுத்தியது இரண்டாம் அலையில்தான். 2021 மே. பாதி அறைகள் காலி, வேலையும் இல்லை. வாட்ஸாப்பைத் திறந்தால் இறப்புச் செய்தி. சாயங்காலம் ஆனால் மாநிலத்தில் புதிதாகத் தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை. 21ஆம் தேதி ஒரே நாளில் 36,184. அந்த வாரம்தான் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல ஓர் அழுத்தம் தொடங்கியது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பத்தவில்லை. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரத்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைக் கலக்கும். தூங்கி எழுந்தால் தாடை வலிக்கும். கொரோனாதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

சளிப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. ஈசிஜியும் நார்மல். முதலில் பார்த்த இடத்தில், "ஒண்ணும் இல்ல, மனசுல பயம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை இன்றும் எனக்கு ஆறவில்லை. வலிக்கிறவனிடம் ஒன்றுமில்லை என்றால் அவன் வேறு எங்கே போவான்?

அடுத்து பார்த்த டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. என்னைச் சும்மா உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் என் மூச்சை எண்ணினார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது, எனக்கு அதைத் தாண்டியிருந்தது. "உங்களுக்கு ஆக்சிஜன் குறையல. வேகமா மூச்சு விடுறதால கரியமில வாயு தேவைக்கு மேல வெளிய போயிடுது. அதனாலதான் விரல் மரத்துப்போகுது, தலை சுத்துது, நெஞ்சு இறுகுது. வலி நிஜம்தான், நீங்க கற்பனை பண்ணல," என்றார். அதைக் கேட்டு அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். பயம் வந்தால் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், குடல் கலங்கும், தசைகள் இறுகும் என்பதையும் விளக்கினார். தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால்தான் தாடை வலி.

நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடச் சொன்னார். கை வயிற்றின்மேல் இருக்க வேண்டும். மார்பு அல்ல, வயிறு எழும்ப வேண்டும். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். முதல் சில நாட்கள் எண்ணுவதே படபடப்பாக இருந்தது. உடம்பு நன்றாக இருக்கும் நேரத்திலும் பழகினால்தான் முட்டும்போது கைகொடுக்கும் என்றார். அது உண்மை.

இன்னொன்று ஆக்சிமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் மாட்டிக்கொண்டிருந்தேன். விரல் சில்லென்று இருந்தாலே அளவு குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துப் படபடப்பு ஏறும். காலை, மாலை மட்டும் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். வீட்டுக்காரி, "இப்படிக் குடுங்க அதை" என்று வாங்கி, புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டாள். காலையில் அவளே எடுத்து மாட்டுவாள், பார்ப்பாள், திரும்பப் பூட்டுவாள். மருந்தைவிட எனக்கு உதவியது அந்தச் சாவிதான் என்று நினைக்கிறேன்.

வழக்கமாக நடக்கும் கோட்டையும் ஏப்ரல் நடுவிலேயே மூடியிருந்தார்கள். அதனால் மொட்டை மாடியில் விடியற்காலையில் நடந்தேன்; வேலூர் வெயிலில் ஏழு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. அப்புறம், லாட்ஜில் தங்கியிருந்தவர்களுக்கு மருந்து வாங்கித் தரும் வேலையை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். முதல் அலையில் என்னைத் தாங்கியது எது என்று அப்போதுதான் பிடிபட்டது. கைக்கு வேலையும், என்னை எதிர்பார்த்து நாலு பேரும் இருந்தபோது அதே பயத்தை உடம்பு தாங்கியது.

அழுத்தம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மறுபடி வரும். எல்லாம் அடங்கிய பிறகு, ஆகஸ்ட் வாக்கில், கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. பெரிய மன அழுத்தத்துக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு, திரும்ப முளைக்கும் என்றார்கள். முளைத்தது.

இப்போதும் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள், "அண்ணா, நெஞ்சு அடைக்குது" என்று மேசைக்கு வருவார்கள். முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறேன். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வேர்த்துக் கொட்டினாலும், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காரக் கூடாது. சோதனையெல்லாம் சரியாக இருந்து தொந்தரவு மட்டும் நிற்கவில்லையென்றால், பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. போகத் தயங்குபவர்களுக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எழுதிக் கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், வங்காளிகளுக்கு அவர்கள் மொழியிலும் கிடைக்கும்.