மேயோ பண்ணையின் முதல் சொந்தக்காரர் யார்?

என் கணவர் வீட்டுப் பண்ணை இருப்பது அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், கிழக்குப் பக்கம். "இது எங்க தாத்தா வாங்கினது" என்பார் மாமனார். யாரிடம் வாங்கினார், அதற்கு முன் யார் பெயரில் இருந்தது என்று தேடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர்; அப்பன் பெயரைச் சேர்த்தெழுதித்தான் அந்தக் காலத்து எழுத்தர்களே ஆளைப் பிரித்திருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள வேண்டியது டவுன்லேண்டை. அங்கே நிலப் பிரிவுகளில் மிகச் சிறியது அதுதான்; அயர்லாந்துத் தீவு முழுக்க 60,000-க்கும் மேல் உண்டு.

19-ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்குகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஒரு பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது, மற்றதை அரசே அழித்துவிட்டது. அந்த இடத்தை நிரப்புவது 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடு, அதாவது வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட பட்டியல். எங்கள் மனையில் குடியிருப்பவர் கட்டத்தில் குடும்பப் பெயர். பக்கத்தில் நிலம் விட்டவர் கட்டத்தில் விஸ்கவுன்ட் டில்லன் என்ற பிரபு. ஆக, குத்தகைதான்.

அதற்குப் பிறகான மாற்றங்கள் டப்ளினில் மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருந்த திருத்தப் புத்தகங்களில் இருக்கின்றன. என்னை அசையவிடாமல் உட்காரவைத்தவை இவைதான். ஆள் மாறினால் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயர். அதே நிறத்தில் ஓரத்தில் ஆண்டு. அதிகாரி எப்போது வந்து பார்த்தாரோ அந்த ஆண்டுதான் அது. இறந்த தேதியை 1864-இல் தொடங்கிய மரணப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். எங்கள் வரியில் ஆணின் பெயர் அடிபட்டு மேலே ஒரு பெண்ணின் பெயர். அவர் மனைவி.

நிலம் விட்டவர் கட்டத்திலும் கோடு. 1899-இல் டில்லன் தம் நிலத்தை, மேற்குப் பகுதி ஏழைக் குடியானவர்களுக்காக அமைந்த கன்ஜஸ்டெட் டிஸ்ட்ரிக்ட்ஸ் போர்டுக்கு விற்றார். போர்டு அதைத் தவணைக்குக் குடியானவர்களிடமே கொடுத்தது. அந்தக் கட்டத்தில் அடுத்து வருவது 'இன் ஃபீ', அதாவது முழு உரிமை. அப்போதும் பெயர் அந்த விதவையுடையதுதான்.

1901 கணக்கெடுப்பில் அவருக்கு வயது 57, 1911-இல் 72. இந்தப் பாய்ச்சல் பல வீடுகளில் உண்டு: 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, பிறப்புச் சான்றோ யாரிடமும் கிடையாது. அந்தப் படிவத்திலேயே, பெற்ற பிள்ளைகள் ஒன்பது, உயிரோடு ஆறு.

"அப்போ, கல்யாணமாகி வந்தவதான் முதல் சொந்தக்காரியா?" என்று மாமியார் கேட்டார். மாமனார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நிலப் பதிவகத்தில் அந்த நிலத்தின் உரிமைப் பதிவான ஃபோலியோவை எடுத்துக் காட்டினேன். சட்டத்தின்படி இப்படி வாங்கிய நிலங்களைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதால் அது நிச்சயம் இருக்கும். அதில் முதல் உரிமையாளர் அவருடைய கொள்ளுப்பாட்டி. அடுத்த பதிவில்தான் தாத்தா வருகிறார்.