பச்சை டாங்க்: பொலோன்யா நாட்குறிப்பு

2024 மார்ச் 9, சனி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. டுகாட்டி மான்ஸ்டர் 620 பைக், 2002 மாடல், பளபளப்பில்லாத கறுப்பு. இத்தாலியில் பொலோன்யாவை ஒட்டிய காசலெக்கியோவில் ஒரு பெரியவர் ஐந்து வருஷமாகப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு பெட்ரோல் டாங்கை ஒருமுறை தடவிப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்பதை இன்றே எழுதிவிடுகிறேன். 2003-இல் எனக்குப் பதின்மூன்று வயது. கோவையில் அண்ணன் ஒரு விசிடி கொண்டுவந்தான், மேட்ரிக்ஸ் ரீலோடட். அதில் கதாநாயகி டிரினிட்டி ஒரு கரும்பச்சை டுகாட்டியில், பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு, கார் ஏற்றிச் செல்லும் லாரியின் மேல்தட்டிலிருந்து சாலைக்குத் தாவுவாள். அப்புறம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையிலேயே விரட்டுவாள். எங்கள் தெருவில் பெண்கள் ஸ்கூட்டிதான் ஓட்டினார்கள், அதுவும் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே. அந்தக் காட்சியை எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மறுவாரமே அப்பாவின் டிவிஎஸ் 50-ஐக் கேட்டு அடம்பிடித்தேன்.

படத்தில் வந்த வண்டி டுகாட்டியின் 996 மாடல். பிறகு 2004-இல் 998-ஐ அதே பச்சையில் மேட்ரிக்ஸ் பதிப்பு என்று தொழிற்சாலையே விற்றது. அந்தப் பச்சையில் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி இப்போது கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. 998-இல் குனிந்து உட்கார்ந்து தினமும் வேலைக்குப் போக என் முதுகும் சம்மதிக்காது. எனக்கு வேண்டியது அந்த நிறம், என் உயரத்துக்குக் கால் எட்டும் ஒரு வண்டியில். மான்ஸ்டரை வாங்கிப் பச்சை அடிப்பதாக அப்போதே முடிவு.

மார்ச் 16, சனி

பெயின்ட் பிறகு. ஐந்து வருஷம் நின்ற டுகாட்டிக்கு முதலில், எஞ்சினின் வால்வுகளை இயக்கும் பெல்ட்டை மாற்ற வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டிய ரப்பர் அது. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பெல்ட். ஓட்டும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போச்சு.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கராஜில் ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். டாங்கின் முன்பக்கக் கொக்கியை விடுவித்து, கார் பானெட் மாதிரி பின்னால் தூக்கி நிறுத்தினார். மான்ஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஒரு கொக்கி, வண்டியின் வயிறு முழுக்கத் தெரிகிறது. புது பெல்ட்டைப் போட்டு முறுக்கிய பிறகு, பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே 5 மி.மீ. ஆலன் கீயை நுழைத்து என் கையில் கொடுத்தார். "இழு." கீ லேசான இறுக்கத்தோடு வழுக்கிக்கொண்டு வந்தது. "இதுதான் சரி. இதைவிடச் சுலபமாக வந்தால் தொளதொளப்பு. வராவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும்." அந்த இறுக்கம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

வால்வு மூடியையும் திறந்து காட்டினார். மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம் என்கிற சுழலும் மேடு, மூடுவது ஸ்பிரிங். இங்கே மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர், அதாவது சின்ன நெம்புகோல், உண்டு. ஒரு கை திறக்கிறது, இன்னொரு கை இழுத்துச் சாத்துகிறது. வேகம் ஏற ஏற ஸ்பிரிங் பின்தங்கும். ராக்கர் பின்தங்காது. டெஸ்மோ என்பது இதுதான். டுகாட்டி எஞ்சினியர் ஃபாபியோ தாலியோனி 1956-இல் 125 சிசி ரேஸ் வண்டிக்குச் செய்தது, ஸ்வீடனில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. தாலியோனி பக்கத்து லூகோ ஊர்க்காரர். அவர் பெயரைச் சொல்லும்போது மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஊர்க் கோயில் சாமியைச் சொல்வது மாதிரி.

மார்ச் 24, ஞாயிறு

மழை. போர்கோ பனிகாலேயில் டுகாட்டி தொழிற்சாலைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மறுபடி போனேன். 1926-இல் ரேடியோ பாகங்கள் செய்ய ஆரம்பித்த கம்பெனி, போரில் குண்டு விழுந்து, 1946-இல் சைக்கிளில் மாட்டும் குச்சோலோ எஞ்சினில் மீண்ட கதையெல்லாம் முன்பே பார்த்ததுதான். நேரே மான்ஸ்டர் முன்னால் போய் நின்றேன். வடிவமைப்பாளர் மிகேல் கலுச்சி சூப்பர்பைக் சட்டகத்தையும் 900 சூப்பர்ஸ்போர்ட் எஞ்சினையும் எடுத்து, மேலே ஒரு டாங்க், ஒரு சீட், ஒரு விளக்கு வைத்தார். அவ்வளவுதான். 1992-இல் கொலோன் கண்காட்சியில் காட்டினார்கள், மறுவருஷம் விற்பனைக்கு வந்தது. எஞ்சினை மூடாமல் விட்ட தைரியம்தான் அந்த வண்டி.

ராத்திரி அந்த மேட்ரிக்ஸ் காட்சி எடுத்த விதத்தைப் படித்தேன். கலிஃபோர்னியாவில் அலமீடா என்ற இடத்தில், கைவிட்ட கடற்படை விமானத் தளத்தில் ஒன்றரை மைல் நெடுஞ்சாலையைப் படத்துக்காகவே கட்டியிருக்கிறார்கள். டிரினிட்டியாக நடித்த கேரி-ஆன் மாஸுக்குப் பதிலாக அபாயமான இடங்களில் ஓட்டியவர் டெபி எவன்ஸ். ட்ரயல்ஸ் என்ற, காலூன்றாமல் தடைகளைத் தாண்டும் பைக் போட்டியின் வீராங்கனை. நிற்கும் பைக்கின் சீட்டில் தலைகீழாக நின்று காட்டுவதற்குப் பேர்போனவர். அமெரிக்க மோட்டார்சைக்கிள் கீர்த்தியாளர் மண்டபத்தில் 2003-இல் அவர் பெயரைச் சேர்த்தார்கள். இருபது வருஷமாக நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் இவர், பெயரே இன்றுதான் எனக்குத் தெரிகிறது. அவரும் ஒரு பெண் என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. முகம் ஒருத்தி, கை ஒருத்தி. அந்த விசிடியில் நான் பார்த்தது இரண்டு பேரையும்.

ஏப்ரல் 6, சனி

பெயின்ட். பழைய கறுப்பைத் தேய்க்கவே மூன்று சாயங்காலம் ஆனது. 400 நம்பர் உப்புத்தாள், பிறகு தண்ணீர் விட்டு 800. விரல் நுனியில் தோல் போய்விட்டது. பெயின்ட் கடையில் முதலில் கலந்து கொடுத்த பச்சை கிளிப்பச்சை மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை கறுப்பைக் கூட்டி, உலோகப் பொடியைக் குறைத்தார்கள். பச்சை நன்றாகவே உட்கார்ந்தது. மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு அடிக்கும்போது அவசரப்பட்டேன். கையைக் கிட்டே கொண்டுபோனதில் இடது பக்கம் ஒரு சொட்டு வழிந்து உறைந்துவிட்டது. அழுகை வந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் தொடாதே, காய்ந்த பிறகு தேய்க்கலாம்" என்று சொல்லி, காபி போடப் போனார்.

அம்மா வீடியோவில் பார்த்தாள். "என்னடி, கறுப்புதானே தெரியுது? இதுக்கா இவ்வளவு பாடு?" கராஜ் டியூப்லைட்டில் எனக்கும் கறுப்பாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. சொட்டைத் தேய்த்தாயிற்று, 2000 தாள், அப்புறம் பாலிஷ். கையால் தடவினால் தெரியாது. படத்தின் பெயரோ எண் பொறித்த தகடோ ஒட்டவில்லை. இது தொழிற்சாலையின் பதிப்பு இல்லை, அப்படிக் காட்டிக்கொள்ளவும் கூடாது. பாயசம் கொண்டுபோய் மெக்கானிக் வீட்டில் கொடுத்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

இத்தாலியின் விடுதலை நாள் விடுமுறை. பியானோரோ, லொயானோ, மொங்கிதோரோ வழியாக ராத்திகோசா கணவாய். 968 மீட்டர். பொலோன்யா பைக் கூட்டம் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். லொயானோ தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். என் எஞ்சின் 618 சிசி தான், பெரிய வண்டிகள் நேர்ச்சாலையில் என்னைத் தாண்டிப் போயின. போகட்டும். வளைவுக்குள் கியரைக் குறைத்து, வெளியே வரும்போது திருகினால் அந்த இரட்டைச் சிலிண்டர் கொடுக்கும் தாளம் எனக்குப் போதும். எதிர்த்திசையில் எங்கும் போகவில்லை அம்மா, தலைக்கவசமும் போட்டிருந்தேன்.

மேலே மேகம் விலகி வெயில் அடித்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி அம்மாவுக்கு போன் போட்டேன். கேமராவை டாங்குக்கு நேரே பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஆமாடி. பச்சை."

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்ததும், "அந்த விசிடி இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றான்.

இறங்கும்போது பின் பிரேக் கத்தியது. பேட் தேய்ந்திருக்கிறது. நாளைக்கே ஆர்டர் போட வேண்டும்.