சத்தமா வேணும்ணே!

மாஸ்டரிங் (பாட்டை வெளியிடும் முன் ஒலிக்குச் செய்யும் கடைசி மெருகு) கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது, "சத்தமா வேணும்ணே". சரி, ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் அமுக்கிப் பிடிக்கும் லிமிட்டர் இருக்கிறது, தள்ளலாம். டிஜிட்டலில் 0 டெசிபலுக்கு மேலே இடம் கிடையாது. உச்சிகளை அமுக்கினால்தான் மற்றதைத் தூக்க முடியும்.

1994-இல் வந்த வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 லிமிட்டர் இதைச் சாஃப்ட்வேரில் சுலபமாக்கியது. ஒலியைத் துளி தாமதப்படுத்தி, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து, அது வந்து சேர்வதற்குள் அளவைக் குறைத்துவிடும். அபாரமான யோசனை. அதனாலேயே எல்லாரும் அளவு மீறினார்கள்.

2, 3 டெசிபல் அமுக்கினால் பாட்டு நிமிர்ந்து நிற்கும். 8 டெசிபல் அமுக்கிப் பாருங்கள்: ஸ்நேர் டிரம் 'டப்' என்று விழாமல் 'தொஃப்' என்று அமுங்கும், கிக் டிரம் விழும்போதெல்லாம் குரல் பின்வாங்கும். ரிலீஸை (அமுக்கிய பிடியை லிமிட்டர் விடுவதை) ரொம்ப வேகமாக வைத்தால் பேஸ் ஒலி கரகரக்கும். அலைவடிவமோ செங்கல் கட்டி. 2008-இல் மெட்டாலிகா ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' சிடியைவிட கிட்டார் ஹீரோ கேமில் வந்த வடிவம் நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள்.

இத்தனைக்கும், ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் சுமார் -14 எல்யுஎஃப்எஸ்-க்குக் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) கொண்டுவருகிறது. -7-இல் கொடுத்தால் 7 டெசிபல் இறக்கிவிடும். சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் தங்கும்.

அப்புறம், சீலிங்கை (லிமிட்டர் தாண்டவிடாத உச்ச வரம்பை) -0.1 டெசிபலில் வைக்காதீர்கள். எம்பி3, ஏஏசி ஆக்கும்போது உச்சிகள் மறுபடி எழும்பும். ட்ரூ பீக், அதாவது ஒலியின் உண்மையான உச்ச அளவு, -1 டெசிபல் போதும்.